வயது ஏற ஏற மனசு எப்படி மாறுகிறது? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பெற்றோர் கூட்டம், மகளிர் குழுக் கூட்டம், டீக்கடை பெஞ்சு என்று எங்கே உட்கார்ந்தாலும், நான் உளவியல் படித்தவன் என்று தெரிந்ததும் வருகிற கேள்விகள் இவை. பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, ஓசூர் என்று ஊர் மாறினாலும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த ஆள் இனி மாறுவாரா, மாட்டாரா? குழந்தையிலிருந்து முதுமை வரை ஓரளவு வரிசையாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக் கேள்வி எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

வளையும். சின்ன வயதில் மூளை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் என்ற அளவில் அந்தப் பழமொழி சரி, ஆனால் அதை வைத்து ஒரு மனிதரைத் தீர்த்துக்கட்டிப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஆட்களைப் பல பத்து வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிவது இதுதான்: இருபதிலிருந்து வயது கூடக் கூடப் பொறுப்பும் ஒழுங்கும் அடுத்தவரோடு அனுசரித்துப் போகும் குணமும் சராசரியாகக் கூடுகின்றன, சட்டென்று கலங்குவதும் பதறுவதும் குறைகின்றன. இந்த மாற்றம் அதிகமாக நடப்பது இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்.

இன்னொரு பக்கமும் உண்டு. வகுப்பிலேயே கூச்ச சுபாவமான பையன் நாற்பது வயதிலும் தன் கூட்டாளிகளைவிடக் கொஞ்சம் கூச்சக்காரனாகவே இருப்பான், ஆனால் பத்து வயதில் இருந்த அளவுக்கு இருக்கமாட்டான். "அவன் மாறவே இல்லை" என்று அம்மா சொல்வதும் "ரொம்ப மாறிட்டான்" என்று நண்பன் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

மாற்றுவது எது என்பதுதான் முக்கியம். வயது தானாக ஒன்றும் செய்வதில்லை. முதல் சம்பளம், கல்யாணம், பிள்ளை, அப்பாவின் மறைவு, பாகப்பிரிவினை என்று அந்தந்த வயது கொண்டுவருகிற காரியங்கள் நம்மைப் புதிய மாதிரி நடக்கவைக்கின்றன. அப்படித் தினமும் நடந்து நடந்து அதுவே குணமாகிவிடுகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

மனித வாழ்க்கைக்கு எட்டுப் படி என்று ஒருவர் சொன்னாராமே?

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். 1902இல் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்தவர், 1950இல் அவர் எழுதிய புத்தகத்தில் இந்த எட்டுப் படி வருகிறது. ஒவ்வொரு பருவத்திலும் மனசுக்கு ஒரு கேள்வி எழும் என்பது அவர் கருத்து. கைக்குழந்தைக்கு "இந்த உலகத்தை நம்பலாமா?", நடக்கப் பழகும் பிள்ளைக்கு "நானே செய்யட்டுமா?", அதற்கடுத்து "நானாக ஒன்றை ஆரம்பிக்கலாமா?", பள்ளி வயதில் "ஒரு வேலையை என்னால் செய்ய முடியுமா, நான் தேறுவேனா?", டீன் ஏஜில் "நான் யார்?", இருபதுகளில் "ஒருவரோடு உண்மையாக நெருங்க முடியுமா?", நடு வயதில் "எனக்கு அப்புறம் வருகிறவர்களுக்கு நான் என்ன செய்கிறேன்?", முதுமையில் "நான் வாழ்ந்த வாழ்க்கை சரிதானா?". அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களின் 1918 வேலைநிறுத்தத்தை மையமாக வைத்து இவர் காந்தியைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதி, 1970இல் புலிட்சர் பரிசு வாங்கினார். நம் நாட்டை எட்டிப் பார்த்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிடித்தம்.

இதை அப்படியே அச்சுப் போல நம் வீட்டில் பொருத்திப் பார்க்காதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் வளரும் பிள்ளைக்கு "நான் யார்" என்பது தனியாளின் கேள்வியாக மட்டும் வராது, "இந்த வீட்டில், இந்த ஊரில் நான் யார்" என்றுதான் வரும். வரிசையும் முன்பின்னாகலாம்.

குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும்? தாமதமானால் பயப்படணுமா?

நம் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குத் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குக் கை தட்டும் சப்பாணி, ஒரு வயதை ஒட்டித் தளர்நடை போட்டு வரும் வருகைப் பருவம் என்று வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு டாக்டர்கள் பார்க்கும் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடுகிறது. ஒரு மாதம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றுமில்லை. ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டுவதோ டாட்டா காட்டுவதோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை, வந்த பேச்சு நின்றுபோனது, இதில் எது இருந்தாலும் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே சொல்லுங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருந்து நாலு வயதில் கூட்டிவருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது, சீக்கிரம் வந்தால் எவ்வளவோ செய்யலாம்.

ஒன்றரை வயதுப் பிள்ளையை ஆயாவிடம் (பாட்டியிடம்) விட்டுவிட்டு இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறோம். பாசம் அறுந்துவிடுமா?

இந்தக் கேள்வியைக் கண் கலங்காமல் கேட்ட அம்மாவை நான் பார்த்ததில்லை. பெங்களூர், திருப்பூர் என்று பிழைப்புக்குப் போகிற நம் மாவட்டங்களில் இது ஒரு வீட்டுக் கதை இல்லை.

பாசம் அறுந்துவிடாது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இங்கிலாந்தில் ஜான் பௌல்பி, அவரோடு வேலை செய்து உகாண்டா கிராமங்களிலும் பிறகு அமெரிக்காவிலும் தாய் சேய்களைக் கவனித்த மேரி ஐன்ஸ்வொர்த் ஆகியோர் காட்டியது, ஆறேழு மாதத்துக்கு மேல் குழந்தை குறிப்பிட்ட சிலரிடம் ஒட்டிக்கொள்கிறது, பயம் வந்தால் ஓடிப் போய்ச் சேரும் இடமாக அவர்களை வைத்துக்கொள்கிறது. அந்த ஆள் அம்மாவாக மட்டும்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அறுபது குழந்தைகளைக் கவனித்த 1964ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால் ஆயாவோ, ஓசூர் பக்கத்து வீடுகளில் அவ்வாவோ, அழுதால் தூக்கி, பசித்தால் ஊட்டி, தினமும் அதே ஆளாக இருந்தால் பிள்ளையின் அஸ்திவாரம் உறுதியாகத்தான் இருக்கும். கெடுப்பது ஆள் மாறிக்கொண்டே இருப்பது: இரண்டு மாதம் ஆயா, அப்புறம் சித்தி, அப்புறம் அத்தை என்று.

போகும்போது தூங்கவைத்துவிட்டு நழுவாதீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள், அது அழுதாலும் பரவாயில்லை. வாட்ஸப்பில் வீடியோ கால் தினமும் ஒரே நேரத்தில் இருந்தால் நல்லது, அம்மா முகம் எப்போது வரும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மிக முக்கியமானது: பொங்கலுக்கு நீங்கள் வந்து இறங்கும்போது பிள்ளை ஆயா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், சில பிள்ளைகள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மறந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பிரிந்ததன் கோபம் அது. பிடுங்கித் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து ஆயாவோடு பேசிக்கொண்டிருங்கள், தானாக வரும். முடிந்தால் பள்ளியில் சேரும் வயதுக்குள் ஒருவராவது ஊரில் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள் என்றும் சொல்வேன். முடியாதவர்களைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனசில்லை.

இரண்டு வயதில் எல்லாவற்றுக்கும் "மாட்டேன்" என்கிறதே?

நல்லது. தனக்கென்று ஒரு மனசு இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறது. சிவப்புச் சட்டையா நீலச் சட்டையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள், அடிக்காதீர்கள், மூன்றரை நாலில் தணியும்.

நாலு வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. யாரிடம் பழகிக் கெட்டது?

யாரிடமும் பழகவில்லை. நான் நினைப்பதும் அடுத்தவர் நினைப்பதும் வேறு வேறு என்ற அறிவு கிட்டத்தட்ட நாலு வயதில்தான் வருகிறது, அது வந்தால்தான் பொய் சொல்லவே முடியும். அதே வயதில், ஒரே அளவுப் பாலை ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றினால் "அதிலதான் நிறைய" என்று அண்ணனோடு சண்டை போடும். சுவிட்சர்லாந்துக்காரர் ஜான் பியாஜே இதைச் சோதித்துக் காட்டினார், ஏழு வயதை ஒட்டி அது தானாகத் தெளியும். பொய்க்குப் பயமுறுத்தாமல், உண்மை சொன்னால் அடி விழாது என்று பிள்ளை நம்பும்படி நடந்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிறான். பைக்கைக் கேட்கிறான். என்ன செய்வது?

மூளையில் ஆசை, பரபரப்பு, கூட்டாளிகள் முன்னால் கிடைக்கும் பெருமை ஆகியவற்றுக்குத் துள்ளும் பகுதிகள் வயதுக்கு வந்ததும் சூடாகிவிடுகின்றன, நிதானித்து யோசிக்கும் நெற்றிப் பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயது வரைகூட ஆகிறது. அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில் வண்டி ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடும்போதைவிடக் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது டீன் ஏஜ் பிள்ளைகள் அதிக ஆபத்தை எடுத்தார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரே வண்டியில் மூன்று பையன்கள் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தனியாக இருக்கும்போது புத்திசாலியாகப் பேசுகிற அதே பையன்தான் அவன். பதினெட்டுக்கு முன்னால் பைக் சாவி வேண்டாம், அதில் பேரம் பேசாதீர்கள்.

மற்றதில் நிறையப் பேரம் பேசுங்கள். முடி வெட்டு, சட்டை, எந்த குரூப் எடுப்பது, எந்த நண்பன் வீட்டுக்கு வரலாம் என்பதில் அவன் சொல்லும் ஏறட்டும். இரவில் தூக்கம் வராமல் காலையில் எழ முடியாமல் கிடப்பதில் பாதி அந்த வயதின் உடம்பு செய்வது, மீதி பாதி போன். கத்திவிட்டுப் போன ஒரு மணி நேரத்தில் "சோறு இருக்கா" என்று வருவான் பாருங்கள், அப்போது பழைய சண்டையை எடுக்காமல் தட்டை வையுங்கள். பேச்சு அந்த நேரத்தில்தான் வரும்.

"கல்யாணம் பண்ணி வைத்தால் பொறுப்பு வந்துவிடும்" என்று பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். உண்மையா?

இல்லை. வாழ்க்கை கொண்டுவரும் காரியங்கள் ஆளை மாற்றும் என்று மேலே நானே சொன்னேன், அதையே காட்டி என்னிடம் வாதாடியவர்களும் உண்டு. ஆனால் அந்தக் காரியத்தைத் தாங்கும் மனசும் உடம்பும் இருக்க வேண்டும், தானாக ஒப்பியும் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பெண் தனக்கு எது பிடிக்கும், எது வரும், யாரை நம்பலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் எழுதியபடி, தேடாமலே பெரியவர்கள் கொடுத்த முடிவை மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. வெளியே பார்க்க அவர்கள் அமைதியாக, பொறுப்பாகத் தெரிவார்கள். கட்டிக்கொடுத்த பெண் "அடங்கிவிட்டாள்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நிலையைத்தான். அதை வளர்ச்சி என்று என்னால் சொல்ல முடியாது.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கமும் பென்னாகரம் பக்கமும் இது இன்னும் நடக்கிறது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. மீறினால் நடத்திவைத்தவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். செலவுதான் கவலை என்றால், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. எந்த அப்பா முன்னாலும் இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்: பிள்ளையைப் படிக்க விடுங்கள்.

இருபத்தாறு ஆகிறது, ஓசூரில் மூன்றாவது கம்பெனி, இன்னும் நிலைக்கவில்லை. எனக்கு ஏதோ குறையா?

குறை இல்லை. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து, சிலருக்கு அதற்கும் மேலே, வேலை, ஊர், உறவு எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு தனிப் பருவம் என்று ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000இல் எழுதினார். ஒப்பந்த வேலை வந்த பிறகு இங்கேயும் அப்படித்தான் ஆகிவிட்டது. உங்கள் அப்பா இருபத்திரண்டில் நிலைத்தார் என்றால் அவருக்கு இருந்தது ஒரே வழி. கம்பெனி மாறும்போது கையில் ஒரு தொழில் கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நாற்பதில் எல்லாருக்கும் ஒரு நெருக்கடி வருமா?

"மிட்லைஃப் கிரைசிஸ்" என்ற பேச்சு 1965இல் எலியட் ஜாக்ஸ் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. எல்லாருக்கும் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கடன், பிள்ளை ஃபீஸ், அப்பா அம்மா ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே நேரத்தில் சேரும் வயது, அந்தப் பாரம் உண்மை. மாங்காய்க்கு விலை போகாத வருடத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயிக்கு வருகிற தூக்கமின்மைக்கு வயதைக் காரணம் காட்ட முடியாது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தில் எரிச்சலும் தூக்கக் கெடுதலும் சேர்ந்துகொள்ளும், வீட்டில் இருக்கிறவர்கள் அதைத் திமிர் என்று எண்ணக் கூடாது.

ஆனால் வளர்ச்சியும் இந்த வயதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989இல் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரி அப்போது இதோடு சேர்ந்திருந்தது. கணக்கு நோட்டையே தொட்டிராத பெண்கள் நாற்பது வயதில் பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள், மேனேஜரிடம் நின்று கேள்வி கேட்டார்கள், ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசினார்கள். கூச்ச சுபாவம் என்று அவர்களைப் பற்றி ஊரே நினைத்திருந்தது. வாய்ப்பு வந்ததும் குணம் மாறியது. எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

சின்ன வயதில் அடியும் பசியும் குடிகார அப்பாவுமாக வளர்ந்தவர்கள் தேற முடியுமா?

ஹவாயில் காவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல ஆபத்துகள் சேர்ந்திருந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, திறமையாக வளர்ந்திருந்தார். அவர்களுக்குப் பொதுவாக இருந்த ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் தாத்தா, பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒரு பெரியவர் விடாமல் அக்கறை காட்டியது.

இதைவிட என்னைத் தொட்டது மீதி இரண்டு பங்கின் கதை. டீன் ஏஜில் தடம் புரண்டவர்களில் பெரும்பாலோர் முப்பது, நாற்பதில் தேறியிருந்தார்கள். நிலையான துணை, திரும்பக் கிடைத்த படிப்பு, ஒரு வேலை, ஆன்மிகக் கூட்டம் என்று இரண்டாவது வாய்ப்பு ஏதோ ஒன்று அவர்களைத் திருப்பியிருந்தது. எல்லாரும் தேறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கூப்பிட்டு ஒரு வாய் களி போட்டு "படிச்சியா" என்று கேளுங்கள், நீங்களே அந்த ஒரு பெரியவராக ஆகலாம்.

அறுபதுக்கு மேல் புதிதாக ஏதாவது கற்க முடியுமா?

முடியும், நேரம் கூட ஆகும். வேகமாகக் கணக்குப் போடுவது, சட்டென்று பதில் சொல்வது போன்றவை இளம் வயதிலிருந்தே மெல்லக் குறைகின்றன. சொல்வளம், அனுபவ அறிவு போன்றவை அறுபது வரை பலருக்குக் கூடிக்கொண்டே போகின்றன, 1956இல் தொடங்கி ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்த அமெரிக்காவின் சியாட்டில் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, கவர்னர் ஜெனரலாகவும் முதல்வராகவும் இருந்து முடித்தபின் 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார், அப்போது அவருக்கு 80 வயது. அவர் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அந்த வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கும் மனசு நம் மண்ணிலும் இருந்திருக்கிறது. தாத்தாவுக்கு ஜிபே சொல்லிக்கொடுக்கும்போது போனைப் பிடுங்கி நீங்களே அழுத்தாதீர்கள். அவர் விரலால் அவரே செய்யட்டும், ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும்.

அம்மா எல்லாக் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்திவிட்டார். ஒதுங்குகிறாரா?

சந்தோஷமாக இருக்கிறாரா பாருங்கள். மிச்சமுள்ள காலம் குறைவு என்று உணரும்போது மனசுக்கு நெருக்கமான சிலரோடு மட்டும் இருக்க விரும்புவது இயல்பு என்று லாரா கார்ஸ்டன்சன் என்ற உளவியலாளர் விளக்கியிருக்கிறார். பேத்தியோடும் பழைய சிநேகிதியோடும் சிரித்துப் பேசுகிறார் என்றால் விட்டுவிடுங்கள். யாரோடும் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், தூக்கம் இல்லை, உடம்பெல்லாம் வலி என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லி எத்தனை பேரை நாம் மூலையில் உட்காரவைத்திருக்கிறோம்! காது மந்தமானாலும் ஆள் ஒதுங்குவார், சந்தேகப்படுவார், முதலில் காதைச் சோதியுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எந்த வயதிலும் குணம் திடீரென்று மாறினால். சிரித்த முகம் சில வாரங்களில் முறைத்த முகமானால், நன்றாகப் படித்த பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால், பெயர் மறப்பது போய்ச் சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி மறந்தால், சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசலாம், இலவசம், இரவு பகல் எந்த நேரமும், தமிழிலேயே. முதியவர்கள் சம்பந்தமான உதவிக்கு 14567.